ஞாயிறு ஒன்பது மணிக்கு அடக்கம்

யார் செத்தது என்று பார்க்கத்தான் ராஜகுமாரி போனை எடுத்தாள். செத்தது அவள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணி. கோயில் மணி துக்கத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஓர் அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஓர் அடி. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் வேலியைக்கூட மறைத்திருந்தது. சபையின் வாட்ஸ்அப் குழுவில், அறுப்பின் பண்டிகை அறிவிப்புக்குக் கீழே அந்தச் செய்தி இருந்தது.

"செல்வி ராஜகுமாரி (ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்) நேற்றிரவு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நமது ஆலயத்தில் நடைபெறும்."

மேலே அவளுடைய படம். சுற்றிலும் ரோஜா மாலை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. ஒரு விநாடிக்கு மேல் அதைப் பார்க்க முடியவில்லை. போனைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டாள். வலது கை தானாகவே இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது.

வாசலில் ஒப்பாரி கேட்டது. கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டு அடைக்கலமேரி மாரில் அடித்தபடி ஓடி வந்தவள், நிலைப்படியில் நின்ற ராஜகுமாரியைக் கண்டதும் அப்படியே கேரட் பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா... நீங்கதானா?"

"நான்தான். எந்திரி, சேலையெல்லாம் மண்ணு."

எட்டு மணிக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. வந்தவர்களுக்கு அழுவதா, கைகுலுக்குவதா என்று தெரியவில்லை. சூடு இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல ஒவ்வொருவரும் அவள் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். கோயிலைத் திறந்து மூடிக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஜெபதுரைதான் மணியடித்தவர். சபைப் போதகரான ஐயர் முந்தின நாள் கீழே வெள்ளகவிக் கிராமத்துக்கு ஜெபக்கூட்டத்துக்கு நடந்து போனவர், இன்னும் மலையேறி வரவில்லை. கேட்க ஆளில்லாமல் அடித்துவிட்டதாகச் சொல்லிக் கும்பிட்டார் ஜெபதுரை.

"குரூப்ல போட்டோவோட வந்துருச்சுங்க வார்டனம்மா. நம்ம சபையில போட்டோ இல்லாத துக்கச் செய்திய யாரும் மதிக்க மாட்டாங்க. போட்டோவோட வந்தா மெய்தானுங்களே?"

ராஜகுமாரி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. முப்பது வருஷம் வெளியூரில் பெண்பிள்ளைகள் விடுதியைக் கட்டி மேய்த்தவள். பாம்பு வந்தாலும் பதறாதவள். அன்று காபி டம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்மதி ஒன்பதரைக்கு வந்தாள். வயது முப்பதுக்குள். அனாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவள். செய்தி அனுப்பிய எண் புதியது, யாரோ ஒருவரின் அடையாளத்தில் வாங்கியது, இப்போது அணைந்து கிடக்கிறது. குழுவில் சேரும் இணைப்பைப் பண்டிகைக்காகக் கோயில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். போகிறவன் வருகிறவன் எவனும் சேரலாம்.

"சண்டை, சச்சரவு?"

"இல்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர். அடுத்து சபையில என்னென்ன நடக்கப்போவுது? அதுல உங்க பங்கு என்ன?"

ராஜகுமாரி விரல்விட்டு எண்ணினாள். நாளைக்கு அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைக் காய்கறி ஏலம். அதற்கு அவள்தான் தலைமை. நாளைக்கே எப்சிபாவுக்கு மூன்றாம் ஓலை. ஓலை என்றால் என்ன என்று தமிழ்மதி கேட்டாள். கல்யாண அறிவிப்பு, மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்கள், தடை தெரிந்தவர் யாராக இருந்தாலும் எழுந்து சொல்லலாம். மூன்றாவது ஓலைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலில் முன்வரிசையில் இருந்தாக வேண்டும். எப்சிபா ராஜகுமாரியிடம் ஞாயிறு பள்ளி படித்தவள், வாய் ஓயாத பெண். மாப்பிள்ளை டேனி கோயம்புத்தூர்க்காரன். கல்யாணமும் அங்கேதான், வியாழக்கிழமை. நாளைக்குத்தான் சபை அவனை முதன்முதலாகப் பார்க்கப்போகிறது.

"அடுத்த மாசம் சபைச் சங்கத் தேர்தல். குணசீலன எதுத்து நான் நிக்கிறேன்" என்று முடித்தாள்.

தமிழ்மதியின் பேனா அந்தப் பெயரில் நின்றது.

மதியம் ஒரு மலர்வளையம் வந்தது. பெருமாள்மலையிலிருந்து ஆட்டோக்காரர் கொண்டுவந்தார். ஊதா நாடாவில் அவள் பெயர். சொல்லி அனுப்பியவன் குரங்குக் குல்லாவும் முகக்கவசமும் போட்டிருந்தானாம். இந்தக் குளிரில் மலையில் பாதிப்பேர் அப்படித்தான் திரிகிறார்கள். ராஜகுமாரி வளையத்தை வீட்டுக்குள் விடவில்லை; வேலியில் தொங்கவிட்டாள். தொங்கவிட்ட பிறகு, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது துக்க வீடாகவே தெரியும் என்று உறைத்தது. கொல்லைக் குழியில் போட்டு மூடினாள்.

ஐந்து மணிக்குமேல் மூட்டம் மறுபடி இறங்கியது. போன் அடித்தது. புதிய எண். எடுத்தாள். முதலில் மூச்சு மட்டும். அப்புறம் ஓர் ஆண் குரல், ரகசியம் பேசுவதைப் போல:

"இன்னும் பொதைக்கலயா?"

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அவள் கதவைத் தாழிட்டாள். கொல்லைக் கதவைத் தாழிட்டாள். குளியலறையின் கையகல ஜன்னலைக்கூடச் சாத்தினாள். அவளுக்குப் புரியாதது ஒன்றுதான்: யாருக்கு நான் இடைஞ்சல்?

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரே யோசனை சொன்னார்கள். ஐயர் போனில், நாளை வரவேண்டாம், திருவிருந்து அப்பத்தை வீட்டுக்கே கொண்டுவருகிறேன் என்றார். குணசீலன் நேரிலேயே வந்து, ஏலத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் படியிறங்கியதும், போன் விஷயம் கேட்டு மறுபடி வந்திருந்த தமிழ்மதி தணிந்த குரலில் பேசினாள்.

"எனக்கு இவருமேலதான் கண்ணு. நாளைக்கு வெளிய வராதீங்க டீச்சர். வாசல்ல ஆள் போடுறேன்."

"குணசீலன் இல்ல."

"எப்படி?"

"அடக்கம் ஞாயித்துக்கிழமை காலை ஒம்பது மணின்னு போட்டிருக்கு. அது ஆராதனை நேரம். இந்தச் சபையில ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு முந்தி யாரையும் பொதைச்சதே கெடையாது. குணசீலன் இங்கயே ஞானஸ்நானம் வாங்கினவர். அவருக்கு அந்தத் தப்பு வராது."

"அப்ப வெளியாளு."

"கோயில் பாஷை தெரிஞ்ச வெளியாளு."

அது ஆறுதலாக இல்லை. உள்ளூர் விரோதி என்றால் முகமாவது தெரியும்.

இரவு துணைக்கு அடைக்கலமேரி வந்தாள். சும்மா இருக்கமாட்டாத பெண். போனைத் திறந்து அந்தச் செய்தியையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடி வையி மேரி. அதையே எத்தன தடவ பாப்ப?"

"இல்லக்கா, சேலையப் பாத்தேன். பட்டுல எவ்வளவு லட்சணமா இருக்கீங்க. இங்க வந்து இத்தன வருசத்துல ஒருநா கூட இதக் கட்டிப் பாத்ததில்லயே. எங்கன பூட்டி வச்சிருக்கீங்க?"

ராஜகுமாரி வெடுக்கென்று போனை வாங்கினாள். காலையிலிருந்து முதல் தடவையாக, மாலையை விட்டுவிட்டு, மெழுகுவர்த்தியை விட்டுவிட்டு, படத்தைப் பார்த்தாள்.

மாம்பழ மஞ்சள். கிளிப்பச்சைக் கரை. வாழ்நாளில் அவள் வாங்கிய ஒரே பட்டு. ஒரே ஒரு நாள்தான் கட்டினாள். கெத்சியாள் என்று விடுதியில் வளர்ந்த, தாய் தகப்பன் இல்லாத பெண். அவள் கல்யாணத்தில் தாய் ஸ்தானத்தில் நிற்பதற்காகக் கட்டினாள். அன்று சாயங்காலமே அவிழ்த்து, மறுவீட்டுக்கு உடுத்தட்டும் என்று அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டாள். இந்தப் படம் வேறு எங்கேயும் எடுத்திருக்க முடியாது. ஒட்டுப்போட்ட ரோஜா மாலையின் ஓரத்தில், கறுப்புக் கோட்டின் தோள் ஒன்று விரலகலத்துக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையின் தோள். மீதியை வெட்டியிருந்தார்கள்.

கெத்சியாளின் பழைய எண் இருந்தது. அழைக்க விரல் போகவில்லை. அந்தப் படம் கெத்சியாள் வீட்டிலிருந்து வந்திருக்கிறதென்றால், கெத்சியாள் எங்கே? உயிரோடு இருக்கிறாளா? பிறகு எண்ணைத் தட்டினாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி மணியில் யாரோ எடுத்தார்கள்.

"வார்டனம்மா?"

ராஜகுமாரி கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக அவள் புருஷன் ரூபனைப் பற்றிக் கேட்டாள். ரூபன் விட்டுவிட்டுப் போய் நாலு வருஷமாகிறது என்றாள் கெத்சியாள். வெளிநாட்டு வேலை என்று சொல்லிப் போனவன்தான். விவாகரத்தும் இல்லை, ஒரு தகவலும் இல்லை. கையில் ஒரு பெண்குழந்தை.

"கல்யாணப் போட்டோ எல்லாம் அவரு லேப்டாப்லதாம்மா இருந்துச்சு. ஆல்பத்தக்கூட எடுத்துட்டுப் போயிட்டாரு. ஏம்மா, அவரு உங்க ஊர்லயா இருக்காரு?"

"தெரியல. நாளைக்குச் சொல்றேன்."

அடுத்த அழைப்பு தமிழ்மதிக்கு. லாட்ஜ் லாட்ஜாகத் தேடித் தூக்கிவிடுகிறேன் என்றாள் அவள். ராஜகுமாரி வேண்டாமென்றாள். நாளைக்குச் சபையில் முதன்முதலாக முகம் காட்டப்போகிற வெளியாள் ஒருவன்தான், எப்சிபாவின் மாப்பிள்ளை. சந்தேகத்தை நம்பி ஒரு பெண்ணின் கல்யாணத்தில் மண்ணைப் போட முடியாது. சந்தேகம் உண்மை என்றாலோ, எப்சிபா வீட்டுக்கு ஒரு வார்த்தை போனால் போதும், அவனுக்கும் போய்விடும். முகத்தை நேரில் பார்க்க வேண்டும். முகம் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

"பயமா இல்லயா டீச்சர்?"

"இருக்கு. நீங்க மஃப்டியில வாங்க. தலையில முக்காடு போட்டுக்கங்க."

ஞாயிறு காலை ஒன்பது. பலிபீடத்தைச் சுற்றிக் கேரட், கோஸ், மேராக்காய், பேரிக்காய், கொத்துக்கொத்தாகப் பூண்டு. கோயில் முழுக்க ஈரமண் வாசனை. ராஜகுமாரி வாசற்படியில் கால் வைத்ததும் பாட்டு ஒரு கணம் தடுமாறியது. இரண்டு பக்க வரிசைகளிலும் தலைகள் திரும்பின. செத்துப் பிழைத்தவளைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆண்கள் பக்கம் முன்வரிசையில் ஒருவன் மட்டும் திரும்பவில்லை. கழுத்தைச் சுற்றி மஃப்ளர். பாட்டுப் புத்தகத்துக்குள் முகம்.

அவளுக்குத் தெரிந்தது பிடரி மட்டும்தான். பிடரியை வைத்து எதையும் சொல்ல முடியாது. காணிக்கைப் பாட்டு தொடங்கியது. வீட்டுக்கு ஒருவர் தங்கள் விளைச்சலைப் பலிபீடத்துக்கு எடுத்துப்போகிற நேரம். ராஜகுமாரி தன் பாத்தியில் விளைந்த கோஸைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நடுப்பாதை வளர்ந்துகொண்டே போனது. அவனைத் தாண்டும்போது முதுகு கூசியது. இதோ இப்போது ஒரு கை வந்து விழும் என்று தோன்றியது. ஒன்றும் நடக்கவில்லை. கோஸை வைத்தாள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு திரும்பினாள்.

தாடி புதியது. கண்ணாடி புதியது. முகம் பழையது. கெத்சியாளின் கல்யாணத்தன்று அவள் ஆசீர்வதித்த மாப்பிள்ளையின் முகம்.

அவனும் அவளைப் பார்த்தான். புத்தகம் மடியில் விழுந்தது.

அவள் இடத்துக்குப் போகவில்லை. பெண்கள் பக்கம் முதல் வரிசையின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. ஐயர் ஓலையை எடுத்தார். மூன்றாவதும் கடைசியுமான முறை என்றார். நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே அறிவிக்கவேண்டும் என்று வாசித்து, வழக்கம்போல அடுத்த தாளுக்குப் போகப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் ஐயரே."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இவன் பேரு டேனி இல்ல, ரூபன். என் விடுதிப் பிள்ள கெத்சியாளோட புருசன். அவ உயிரோட இருக்கா, ஒரு குழந்தையும் இருக்கு. நான் இந்தச் சபையில இருக்கேன்னு இவனுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. கல்யாணம் கோயம்புத்தூர்ல. இங்க இவன் மூஞ்சியக் காட்டவேண்டியது இன்னிக்கு ஒரே ஒருநாள். அந்த ஒருநாள் நான் வீட்ட விட்டு வரக்கூடாது. அதுக்குத்தான் என்னச் சாகடிச்சான்."

அவன் எழுந்தான். அந்தம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, யாரோ விளையாடியதை என்மேல் போடுகிறார் என்று ஐயரைப் பார்த்துச் சொன்னான். குரல் நிதானமாகத்தான் இருந்தது. அந்தக் குரல்தான் நேற்று போனில் வந்தது.

"போட்டோ இல்லாத செய்திய இந்தச் சபை நம்பாது. உனக்குப் போட்டோ வேணும். உன்கிட்ட இருந்த என் போட்டோ ஒண்ணே ஒண்ணு, உன் கல்யாணத்துல எடுத்தது. வெட்டித்தான் போட்ட. தோள முழுசா வெட்டல, ரூபன்."

வரிசை வரிசையாகப் போன்கள் வெளியே வந்தன. எல்லோரும் ஒரே படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அவன் பக்கவாட்டுக் கதவை நோக்கி நகர்ந்தான். அங்கே முக்காடு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். முக்காடு விலகியது.

"சட்டைப்பையில இருக்கிறதெல்லாம் எடுங்க" என்றாள் தமிழ்மதி. "ரெண்டாவது போனையும்."

ரெண்டாவது போன் இருந்தது.

அவனைக் கூட்டிப்போன பிறகுதான் ராஜகுமாரி பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தாள். கோயிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்சிபா அழவில்லை. எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான் டீச்சர் சொன்னேன். நம்ம சபைக் கதை, குரூப்ல போட்டோ இல்லாம நம்ப மாட்டாங்கங்கிற கதை எல்லாம். எங்க டீச்சர் முந்தி இன்ன ஊர்ல, இன்ன விடுதியில வார்டனா இருந்தாங்கன்னு பெருமையா போன்ல சொன்னேன். அன்னிக்கு அவரு பேசவே இல்ல."

ராஜகுமாரி அவள் கையைப் பிடித்தாள். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

"நான் அந்த அக்காகிட்ட பேசணும்."

"இப்பவா?"

"இப்பவே. வெளிய போனா எங்க வீட்டாளுங்க விட மாட்டாங்க."

ராஜகுமாரி எண்ணைப் போட்டு போனைக் கொடுத்தாள். எப்சிபா காதில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். எடுத்தது கெத்சியாள் இல்லை. ஒரு சின்னப் பெண்ணின் குரல், பக்கத்தில் இருந்த ராஜகுமாரிக்கும் கேட்டது.

"யாரு பேசுறது?"

எப்சிபா வாயைத் திறந்தாள். தான் யார் என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.