சோற்றுக்குள் பற்றரி

பசியில் இராசமலருக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு நேரே உப்புவெளி ஐஸ் தொழிற்சாலைக்கு வந்திருந்தாள். அம்மாவின் வேலை முடிந்தால்தான் இருவருக்கும் சாப்பாடு.

குழாய் திருத்த வந்த பாயிஸ் வாசலில் குந்தியிருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார். அவள் எச்சில் விழுங்கினாள். அவர் சோற்றைக் கிளறி எடுத்தது முட்டை இல்லை. இரண்டு பற்றரிகள்!

அது சண்டைக் காலம். குண்டு செய்ய உதவுமென்று பற்றரிக்குத் தடை; ஆமியின் சோதனைச் சாவடியில் அது அகப்பட்டால் ஆளும் அகப்படுவார்.

பாயிஸ் சுற்றிலும் பார்த்தார். பற்றரிகளை வயர் வைத்த ஒரு பெட்டிக்குள் போட்டார். ஐஸ் அறைக் குழாய்க்குப் பின்னால் அதை ஒளித்தார்.

அந்த அறையில்தான் அம்மா ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வெளியில வாங்கோ! குண்டு!”

எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். மேற்பார்வையாளர் கனகசிங்கம் பாயிஸின் சட்டையைப் பிடித்தார். “ஆமிக்கு அடிக்கிறன் போன்!”

“குண்டில்லை ஐயா! ஐஸ் குழாயில ஓடுற அமோனியா நஞ்சு வாயு கசிஞ்சால் கத்துற சாமான். பற்றரி இருக்கெண்டு பயந்துதான் ஒளிச்சன்.” பாயிஸ் பெட்டியை எடுத்துவந்து, உள்ளே இருந்த நகமளவு தகட்டைக் காட்டினார். “இதில உலோக ஒட்சைட்டுப் பசை அச்சடிச்சிருக்கு. வாயு பட்டால் இதுக்குத் தெரியும். கரண்ட் இல்லாட்டியும் ரெண்டு பற்றரியில மாதக்கணக்கா ஓடும்.”

“எங்களுக்கு மூக்கில்லையோ?”

“நாள் முழுக்க நெடிக்குள்ள நிக்கிற மூக்கு மரத்துப்போகும் ஐயா.”

இராசமலருக்குச் சந்தேகம் போகவில்லை. ஆனால் ஆமி கொண்டுபோன ஆட்கள் திரும்பி வந்ததை அவள் கண்டதில்லை.

“பாயிஸ் நானா, செய்து காட்டுங்கோ,” என்றாள்.

பாயிஸ் அமோனியாவில் நனைத்த துணியைத் தகட்டருகே பிடித்தார். சத்தமே இல்லை.

“பொய்க்காரன்!” கனகசிங்கம் கைப்போனை எடுத்தார்.

இராசமலர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பற்றரிகளில் மஞ்சளாய் ஏதோ ஒட்டியிருந்தது.

“பொறுங்கோ ஐயா! பற்றரி குழம்பு குடிச்சிட்டுது!”

வீட்டுக்கு ஓடி, ரேடியோவில் இருந்த இரண்டையும் கழற்றி வந்தாள்.

“அடியே, நான் செய்தி கேக்கிறேல்லையோ?” என்றாள் அம்மா.

“நாளைக்கே தாறன் அக்கா,” என்றார் பாயிஸ்.

பற்றரிகளை மாற்றித் துணியைப் பிடித்தார். “கீ...ஈ...!”

கனகசிங்கம் துள்ளியதில் போன் ஐஸ் தண்ணீருக்குள் விழுந்தது.

மூன்று கிழமை கழித்து, கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், பெட்டி தானாகவே கத்தியது. எல்லோரும் தப்பி வெளியே வந்தார்கள். முதல் ஆளாய் ஓடியவர் கனகசிங்கம். குழாயில் மயிரளவு வெடிப்பு இருந்தது.

அம்மாவின் ரேடியோ மட்டும் இன்னும் ஊமைதான். பாயிஸ் நானா இரண்டு பற்றரி தரவேண்டும்.