வருஷத்துக்கு ஓர் அறை

காலை ஆறரை மணிக்கே பிரபாகரனின் குரல் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனது.

"அண்ணி! இங்க கொஞ்சம் வாங்க... வூட்ட என்னா இப்படி வெச்சிருக்கீங்க?"

கொல்லைப்புறத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பீங்கான் சாசர்களைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தாள் நீலாவதி. ஐம்பத்து நான்கு வயது முழங்கால் சொன்னவுடன் எழுந்து விடுமா? சுவரைப் பிடித்து எழுந்து, புடவையில் கையைத் துடைத்தபடி உள்ளே போனாள்.

அவளுடைய அறையின் நடுவில் நின்று பிரபாகரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணவனின் தம்பி. சென்னையில் நல்ல வேலை. மனைவி ஜெயஸ்ரீயுடன் நேற்றுத்தான் வந்திருந்தான், வீட்டை விற்க.

கூரையில் கறுப்புக் கறுப்பாய் ஈரத் திட்டுகள். மூலையில், போன மழைக்கு வைத்த அலுமினியச் சட்டி அப்படியே இருந்தது.

"நாளைக்கு பார்ட்டி வராங்க அண்ணி. இதப் பாத்தா ஓடிட மாட்டாங்களா?"

"போன ஐப்பசியில ஒழுகுனது தம்பி... இந்த வருசம் சரி பண்ணிடலாம்னு..."

"எப்ப? வூடு இடிஞ்ச பெறகா?" அவன் குரல் ஏறியது. "வருசம் பூரா பூட்டிக் கெடக்குது என் ரூமு. போய்ப் பாருங்க. ஒரு சொட்டு ஈரம் இல்ல! நீங்க பொழங்குற ரூமு மட்டும்தான் நாசமாக் கெடக்குது. அப்ப என்னா அர்த்தம்? ஆளு இருந்துதான் வூட்டக் கெடுத்திருக்குது!"

பூட்டி வைத்த அறை தானாகவே நன்றாக இருக்கும் என்று நம்புகிறவனிடம் என்ன சொல்வது? வீட்டைக் கட்டிப் பார் என்று ஊரே சொல்கிறது. கட்டிய வீட்டை வருஷா வருஷம் காத்துப் பார் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன் நீலாவதியின் கணவன் திருமால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அந்த வருஷ மழையில் மாமனார் கட்டிய இந்த வீடு எல்லா அறையிலும் ஒழுகியது. மாடியில் பதித்திருந்த தட்டோடுகள் வெடித்துப் போயிருந்தன. மொத்தமாகப் பெயர்த்துப் போட அவளால் ஆகாது. செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பொம்மைக்கும் சாசருக்கும் ஈர ஸ்பாஞ்சு போட்டுத் தேய்க்கிற வேலை அவளுக்கு. கிடைக்கிற கூலி வெளியூரில் விடுதியில் தங்கியிருக்கும் மகள் தமிழினியின் படிப்புக்கே இழுபறி.

கொத்தனார் காத்தவராயன்தான் வழி சொன்னார்.

"ஒரேயடியா முடியலன்னா வருசத்துக்கு ஒரு ரூமு செய்வோம் தங்கச்சி. ஒங்க கம்பெனி ஒடசலு இருக்குதே, அதக் கேட்டு வாங்கிட்டு வா. சூளையில வெந்த பீங்கான் தண்ணி குடிக்காது."

கொலுச் சரக்கு கடைக்குப் போனதும் கம்பெனியில் விரிசல் விட்ட சரக்கை ஒதுக்குவார்கள். சூப்பர்வைசரைக் கேட்டுச் சாக்கில் அள்ளி வருவாள். உடைத்து, மழைக்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாடியில் குந்தி, ஓர் அறைக்கு மேலே வெள்ளை சிமெண்டில் பதிப்பாள். கை கிழியும். மறுநாள் அந்தக் கையோடுதான் ஸ்பாஞ்சைப் பிடிக்க வேண்டும். ஆறு வருஷத்தில் ஆறு இடம் முடிந்தது. பாக்கி இருந்தது அவள் அறை மட்டும். இந்த வருஷம் அதன் முறை. கொல்லையில் இருந்த சாக்கு அதற்குத்தான்.

இதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் செய்ததைச் சொல்லிக் காட்டினால் செய்ததற்கே மரியாதை இல்லை என்று வளர்ந்தவள் அவள். அந்தப் பிடிவாதம்தான் அவளைக் கவிழ்த்தது.

பிரபாகரன் மாடிக்குப் போனான். பத்து நிமிஷத்தில் இறங்கி வந்தான். முகம் கோணியிருந்தது.

"மேல என்னா அது? பூப்போட்ட சாசரு ஒரு பக்கம், பொம்மையோட அரக் காது ஒரு பக்கம்... குப்பமேடு மாதிரி! எங்கப்பா போட்ட தளத்த இப்படியா பண்ணுவீங்க?"

"அது இருக்கறதாலதான் தம்பி தண்ணி எறங்கல..."

"அப்ப ஒங்க ரூமுல ஏன் எறங்குது?"

"அதுக்கு மேல இன்னும்..."

"போதும் அண்ணி! ஆளுங்களுக்கு போன் பண்ணிட்டேன். எல்லாத்தையும் கொத்திட்டு வெள்ள பெயிண்ட் அடிக்கப் போறேன். பாக்கவாவது லட்சணமா இருக்கும்."

நீலாவதி குறுக்கே வந்து நின்றாள். "ஐயோ, கொத்தாதீங்க தம்பி! நாளு கெட்ட நாளு. மழ தலைக்கு மேல நிக்குது. பெயிண்ட் தாங்காது... ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்!"

கதவருகில் நின்ற ஜெயஸ்ரீ அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வூடு ஒழுகுனா வெல கொறையும். கொறஞ்சா வாங்கறதுக்கு ஆளு வராது. கடைசி வரைக்கும் நீங்களே இருந்துக்கலாம்... அதானே கணக்கு?"

நீலாவதி கொழுந்தனைப் பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவனுக்குப் பத்து வயது. தாயில்லாப் பிள்ளை. அவள் மடியில் தலை வைத்துத்தான் தூங்குவான். இப்போது அவன் ஒரு வார்த்தை, 'அப்படிச் சொல்லாத ஜெயஸ்ரீ' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள்.

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நிமிஷத்தில் அவளுக்குள் ஏதோ அறுந்து போனது. "சரி தம்பி," என்றாள். "எங்க கையெழுத்து போடணும்னு சொல்லுங்க. போட்டுடறேன். இந்தப் பழி எனக்கு வேணாம்..."

அன்று மாலை வேலையிலிருந்து திரும்பியபோது வாசலில் வெள்ளைக் குவியல் கிடந்தது. பிரபாகரனின் அறைக்கும் கூடத்துக்கும் மேலிருந்ததைக் கொத்தி முடித்திருந்தார்கள். இருட்டியதால் மற்றது தப்பியது. ஆறு புரட்டாசி... அவள் கையின் ரத்தம் பட்ட துண்டுகள் எது எது என்று அவளுக்குத் தெரியும். குவியலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், எல்லோருக்கும் உலை வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வந்தார். கொத்திய இடத்தில் காலையிலேயே அடித்திருந்த வெள்ளை பெயிண்டைப் பார்க்க அவர் மாடிக்கே ஏறவில்லை. எந்த அறையிலும் அண்ணாந்து பார்க்கவில்லை. கூட வந்தவன் டேப்பைப் பிடிக்க, மனையின் அகலத்தை மட்டும் இரண்டு முறை அளந்தார். நீலாவதிக்கு அது உறுத்தியது. கேட்க மனசு வரவில்லை.

வியாழக்கிழமை கிரயம் முடிந்தது. பாதிப் பங்குக்காரியாக அவளும் கையெழுத்துப் போட்டாள். தை பிறந்ததும் சாவி கொடுக்க வேண்டும் என்று பேச்சு. ஜெயஸ்ரீ அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறினாள். தன் அறையிலிருந்த சாமான்களைக் கட்டிக்கொண்டு வர பிரபாகரன் மட்டும் தங்கினான்.

வெள்ளிக்கிழமை விடியலில் மழை பிடித்தது. ஐப்பசிக்குக் கூடக் காத்திருக்கவில்லை. ஏழு மணிக்குப் பிரபாகரனின் அறையில் தொம்மென்று ஒரு சத்தம்!

நீலாவதி ஓடினாள். கூரைப் பூச்சு பாளமாகக் கட்டிலின் மேல் விழுந்திருந்தது. நல்ல வேளை, அவன் பல் விளக்கப் போயிருந்தான். விரிசல் வழியாகத் தண்ணீர் கொட்டியது. அவன் கட்டி வைத்திருந்த புத்தகங்கள், சான்றிதழ் ஃபைல், அப்பாவோடு எடுத்த ஒரே போட்டோ... எல்லாம் மிதந்தன.

"அண்ணி... அண்ணி... என்னாது இது?"

அவள் தன் அறைக்குப் போய் அந்த அலுமினியச் சட்டியை எடுத்து வந்து ஒழுகலுக்கு அடியில் வைத்தாள். ஃபைலை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள்.

தெருவில் குவியலைப் பார்த்துவிட்டுக் காத்தவராயன் குடையோடு உள்ளே வந்தார். ஒரு தடவை மேலே பார்த்தார். ஒரு தடவை பிரபாகரனைப் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான் கொத்துனது?"

"நான்தான்..." என்றான் பிரபாகரன். "அண்ணி ரூமு ஒழுகுச்சு. என் ரூமு நல்லா இருந்துச்சு. அதனால மேல இருக்கறதெல்லாம் வேஸ்ட்டுன்னு..."

"அண்ணே, வேணாம்ண்ணே... வுடுங்க," என்று நீலாவதி தடுத்தாள்.

"நீ சும்மா இரு தங்கச்சி! ஏழு வருசமா நீ வாய மூடுனது போதும்." கொத்தனார் பிரபாகரன் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒன் ரூமு ஏன் நல்லா இருந்துச்சு தெரியுமா? மொத வருசம், திருமாலு செத்து தெவசம் கூட வரல, மொத ஒட்டு ஒட்டுனது ஒன் ரூமுக்கு மேல! 'ஒன் ரூமுலேருந்து ஆரம்பிக்கலாம் தங்கச்சி'ன்னு இதுகிட்ட நான் தலையால அடிச்சிக்கிட்டேன். என்னா சொல்லுச்சு தெரியுமா இது? 'அம்மா இல்லாத புள்ளைண்ணே. எப்ப வந்தாலும் காஞ்ச எடத்துல படுக்கணும்'னுச்சு. பொறவு கூடம், பொறவு சாமி ரூமு... தன் ரூம கடைசின்னு வெச்சிது. ஆறு மழ அது சட்டிய வெச்சிக்கிட்டுப் படுத்துச்சுப்பா. பூட்டிக் கெடந்த ஒன் ரூமுக்காக!"

பிரபாகரன் அண்ணியின் கைகளைப் பிடித்துத் திருப்பினான். உள்ளங்கை முழுக்கப் பீங்கான் கீறிய பழைய தழும்புகள். அவன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அந்தக் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினான்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி? என்னச் செருப்பால அடிச்சாவது சொல்லியிருக்கக் கூடாதா!"

"நீ கேக்கலயேப்பா..." என்றாள் நீலாவதி. பல வருஷத்துக்குப் பிறகு 'நீ' என்று வாயில் வந்தது. அதற்குப் பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை. அவன் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதாள்.

உடனே அவன் வாங்கியவருக்குப் போன் போட்டான். கிரயத்தைத் திருப்பிக்கொள்ளக் கெஞ்சினான். கெஞ்சிப் பார்த்துவிட்டு, "கூரை விழுந்துடுச்சு சார், வூடே போச்சு" என்று கூடச் சொன்னான்.

மறுபக்கம் பேசியது அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது. "அதுக்கென்னங்க? நான் வாங்குனது மனையத்தான். தையில எப்படியும் இடிச்சிட்டு கடை கட்டப் போறேன்."

போனை வைத்த பிரபாகரன் நிமிரவே இல்லை. காத்தவராயன் குடையை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போனார்.

"வாங்க அண்ணி, எங்கூட சென்னைக்கு வந்துடுங்க. ஜெயஸ்ரீகிட்ட நான் பேசறேன்..."

"வேணாம்ப்பா. எஸ்டேட் பக்கத்துல லைன் வூடு ஒண்ணு பாத்துட்டேன். வேலைக்கு நடந்தே போயிடலாம். மனசுல ஒண்ணும் வெச்சிக்காத. நெசமா எனக்கு ஒன்மேல கோவம் இல்ல." கோபம் இல்லைதான். ஆனால் வருவதற்கும் அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பத்து மணிக்கு மழை விட்டது. நீலாவதி கொல்லைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வெள்ளை சிமெண்ட் வாளியை மறு கையில் எடுத்தாள். பிரபாகரனுக்குப் புரியவில்லை.

"எங்க போறீங்க அண்ணி? இடிக்கப் போற வூட்டுக்கு எதுக்கு?"

"தை வரைக்கும் நம்ம வூடுதானே? இன்னும் ரெண்டு மாசம் மழ இருக்குது. ஒன் சாமானெல்லாம் இன்னும் அந்த ரூமுலதான் கெடக்குது."

அவன் சாக்கை வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினான். கொத்திப் போட்ட இடத்தில் தேங்கிய தண்ணீரை இருவரும் துடைத்தார்கள். அவள் துண்டை எடுத்து வைக்க, அவன் அழுத்தினான். முதல் துண்டிலேயே அவன் விரல் கிழிந்தது. அவள் அதைத் தன் முந்தானையால் சுற்றிக் கட்டினாள்.

சாக்கு பாதிக்கு மேல் காலியானபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"அண்ணி, இது ஒங்க ரூமுக்குன்னு வெச்சிருந்ததுதானே? இங்கயே தீந்துடும் போல இருக்குதே! ஒங்க ரூமுக்கு?"

நீலாவதி தலை நிமிராமல் அடுத்த துண்டை எடுத்தாள்.

"அதுக்குச் சட்டி இருக்குது தம்பி. கீழ போனதும் ஒன் ரூமுலேருந்து மறக்காம எடுத்துக் குடு."