கட்டிலின் சுவர்ப்பக்கம்

குளிர் மூக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், வகுப்பு முடிந்து வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தாள். சாய்ந்த வேகத்தில் எழுந்தும் விட்டாள். மெத்தை சூடாக இருந்தது. சுவரை ஒட்டிய பக்கத்தில் மட்டும், யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்து இப்போதுதான் எழுந்து போனது மாதிரி நீளவாக்கில் ஒரு சூடு. காலையில் பூட்டிவிட்டுப் போன அறை அது. ஹீட்டரைப் பகலில் வீட்டுக்காரம்மா கீழிருந்தே அணைத்துவிடுவாள். மேசைமேல் இருந்த தண்ணீர் பல் கூசும்படி சில்லிட்டுக் கிடக்க, மெத்தைக்கு மட்டும் எங்கிருந்து சூடு வரும்?

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பாள். இவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்த அறைக்காக அவள் பட்ட பாடு நாய் படாது. ஒரு பருவம் இந்த வெளிநாட்டில் படித்துவிட்டு வரும்படி ஊர்க் கல்லூரி அனுப்பியிருந்தது. வந்து இறங்கினால் விடுதியில் இடமில்லை. நிரந்தர விலாசம் காட்டினால்தான் பதிவு, இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் சிரித்த முகத்தோடு சொன்னார்கள். பார்த்த அறைகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாளே இல்லை. இன்னொன்றில், "சாவி என்கிட்டயும் ஒண்ணு இருக்கும்" என்று வீட்டுக்காரன் பல்லிளித்தான். மற்றவற்றுக்கு வாடகையைக் கேட்டாலே தலை சுற்றியது. போதாக்குறைக்குப் பெரியப்பா, "ஒரே மாசம். அழுதுக்கிட்டுத் திரும்பி வரும் பாருங்க" என்று வாய் நிறைய வாழ்த்தி அனுப்பியிருந்தார்.

அப்படிப்பட்ட நேரத்தில் கிடைத்தது இந்த மாடியறை. நம் பாஷை பேசும் வீட்டுக்காரம்மா, உள்தாழ்ப்பாள், கைக்கு அடங்கிய வாடகை. வீடியோ அழைப்பில் அம்மா குழாயைத் திறந்து காட்டச் சொன்னாள், ஜன்னலை ஆட்டிக் காட்டச் சொன்னாள், அக்கம்பக்கம் எப்படி என்று துருவித் துருவிக் கேட்டாள். படுக்கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

கீழே இறங்கிப் போனாள். வீட்டுக்காரம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, பகல்ல என் ரூமுக்கு யாராவது வர்றாங்களா?"

"சாவி உன்கிட்டதானேம்மா இருக்கு."

"படுக்கை சூடா இருக்கு."

"குளிருக்கு நல்லதுதானே." கத்தி மட்டும் சற்று மெதுவானது. "பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிடும்மா. எத்தனையோ பொண்ணுங்க ரூம் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"நான் எதுக்குப் போகணும்? வர்றது யாரோ, அவங்க போகட்டும்."

வீட்டுக்காரம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். இரக்கப்படுகிற பார்வை. அது அவளுக்கு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது போல் இருந்தது.

மறுநாளே கதவுக்குத் தன் செலவில் புதுப் பூட்டு போட்டாள். வகுப்புக்குக் கிளம்புமுன் தரை முழுக்க முகப்பவுடரைத் தூவிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினாள். திரும்பி வந்தபோது பவுடர் தூவியது தூவியபடி கிடந்தது. ஒரு விரல் தடம் இல்லை. மெத்தை சூடாக இருந்தது. தலையணையில் ஈரம் காயாத கூந்தலின் வாடையும், வெயில் காணாத கம்பளித் துணியின் புழுங்கிய வாடையும் கலந்து வந்தன. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் முனகுவது மாதிரி ஏதோ ஏறி ஏறி இறங்கியது. அது மூச்சு என்று காது சொன்னது. குழாய் என்று அவள் சொன்னாள்.

"குழாய்தான்" என்று உரக்கவே சொல்லிவிட்டு, ஸ்வெட்டரோடு படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சமும் போனது. களைப்பு கண்ணை அழுத்தியது.

அவள் வளர்ந்தது கூட்டுக் குடும்பத்தில். கூடத்தில் சித்தப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் வரிசையாகப் படுத்துக் கிடப்பார்கள். யார் கால் யார்மேல் விழுந்தாலும் கண்ணைத் திறக்காமல் முழங்கையால் ஒரு இடி, ஒரு அதட்டல், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் கடல் தாண்டி வந்தும் போகவில்லை. முதுகில் ஏதோ வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்க, அரைத்தூக்கத்தில் இடித்தாள்.

"தள்ளிப் படுடி."

மெத்தை அசைந்தது. முதுகில் இருந்த சூடு சுவர்ப்பக்கம் நகர்ந்தது.

தூக்கம் பறந்துவிட்டது. கழுத்தைப் பிடித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டதே, அதுதான் பயமாக இருந்தது. அழுகை வந்தது. கூடவே பெரியப்பாவின் முகமும் வந்தது. அழுகையை விழுங்கினாள்.

"இன்னும் தள்ளு."

நகர்ந்தது.

"இன்னும்."

நகர்ந்தது. போர்வை இழுபட்டது.

"இன்னும்."

அப்புறம்தான் உறைத்தது. அது ஒற்றைக் கட்டில். தள்ளிப் படுக்க அதில் இவ்வளவு இடம் ஏது?

கையைப் பின்னால் நீட்டினாள். சுவர் தட்டுப்பட வேண்டிய இடத்தில் தட்டுப்படவில்லை. கம்பளித் துணி. கூந்தல். ஒரு தோள். அதற்கு அப்பால் இன்னொரு தோள்.

போனில் விளக்கைப் போட்டாள்.

சுவர் இல்லை. கட்டில் உள்ளே நீண்டுகொண்டே போயிற்று. அதன்மேல் பெண்கள். அவள் வயதுப் பெண்கள். ஸ்வெட்டரோடு, காலுறையோடு, அவளுக்கு முதுகு காட்டி, ஒருத்தியை ஒருத்தி ஒட்டி, ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். வெளிச்சம் எட்டும்வரை முதுகுகள். எல்லா முதுகுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்துப் பேசினாள்.

"இது என் ரூம். நான் போகமாட்டேன்."

முதல் முதுகு அசைந்தது.

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

"நானும்" என்றது அதற்கடுத்தது. "நானும்." "நானும்." குரல் முதுகு முதுகாகத் தாண்டி உள்ளே போனது. காதுக்கு எட்டாத தூரத்திலும் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வரிசை முழுவதும் நகர்ந்தது. யாரும் சொல்லாமலே.

அவளுக்கு அருகில் இடம் விட்டிருந்தார்கள். சரியாக ஒரு ஆள் படுக்கும் அளவு. தலை வைக்கும் இடம் ஏற்கெனவே குழிந்திருந்தது.