பதினேழாம் படுக்கை எங்கே?

டெலிபோன் அலறியது.

பெண்கள் வார்டின் தலைமை நர்ஸ் ரிசீவரை எடுத்தாள்.

"பதினேழாம் பெட்டுல இருக்கிறவ கிட்ட சொல்லு... அவ புருஷன் நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு!"

லைன் செத்தது.

பதினேழாம் படுக்கைக்காரி ஒரு டெய்லர். கட்டினவன் உடைத்த வலது கையோடு மூன்று நாள் முன்பு வந்தவள். தான் இருக்கும் இடத்தைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதவள்!

போலீஸுக்குப் போன் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள்.

"யாருய்யா என் பேஷண்ட் ஃபைலை வெளியே விட்டது?"

ஆபரேட்டர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நம்ம சிஸ்டம் கோட்டை மாதிரி மேடம். எறும்புகூட நுழையாது."

"பாஸ்வேர்டை எழுதி மானிட்டர் நெத்தியில ஒட்டி வச்சிருக்கே... எறும்பு நுழையாதாம்!"

அடுத்து பயிற்சி டாக்டர். டாக்டர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் டெய்லரின் எக்ஸ்-ரேயைப் போட்டிருந்தான்.

"அபூர்வமான முறிவு சிஸ்டர்... பேரை மறைச்சிட்டுத்தான் போட்டேன்!"

மறைத்துத்தான் இருந்தான்.

கடைசியாக சூப்பரின்டெண்ட். கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்.

"எழுத்துமூலமா புகார் குடும்மா. அடுத்த மாசம் கமிட்டியில வைக்கலாம்."

"அதுக்குள்ள அவளைக் குழியில வச்சிடுவான் சார்!"

"பதற்றப்படாதேம்மா..."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு!

டெய்லரைத் துணி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"யாரு சிஸ்டர் சொன்னது?" கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் டெய்லர். "உங்களை நம்பித்தானே என் பேரையே சொன்னேன்..."

"தெரியலம்மா. ஆனா விடமாட்டேன்!"

பதினேழாம் படுக்கையில் இரண்டு தலையணை. மேலே போர்வை. பாத்ரூமுக்குள் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும்.

பத்து நிமிடம்...

காலடிச் சத்தம்!

கையில் பழப் பையோடு ஒருவன். நேராகப் பதினேழுக்கு வந்தான். பைக்குள் போன கை, கத்தியோடு வெளியே வந்தது!

சதக்!

பஞ்சு பறந்தது.

"அமுக்குங்கடா அவனை!"

மூன்று பேரும் பாய்ந்ததில் ஆரஞ்சுகள் வார்டு முழுக்க உருண்டன.

விலங்கு மாட்டியதும் நர்ஸ் பொரிந்தாள்.

"சார், இவனுக்குத் தகவல் கொடுத்த பாவி யாருன்னு கண்டுபிடிங்க. ஒருத்தனுக்காவது பொறுப்பு இருக்கா இங்கே? அந்த ஆளை வேலையை விட்டே தூக்கணும்!"

அவனுடைய செல்போனை நோண்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ஃபேஸ்புக் படம். 'சிறந்த நர்ஸ்' சான்றிதழோடு பல் தெரியச் சிரித்தபடி...

அவளேதான்!

முதுகுக்குப் பின்னால் வார்டு போர்டு. பதினேழு... டெய்லரின் முழுப் பெயர்... பளிச்சென்று!

நேற்றுக் காலை அவளே போட்டது. ஊரே பார்க்கும்படி. நூற்றுப்பன்னிரண்டு லைக்.

துணி அறை வாசலில் நின்ற டெய்லரும் அதைப் பார்த்துவிட்டாள். நேராகப் போய், வார்டு போர்டில் இருந்த தன் பெயரை இடது கையால் அழித்தாள்.

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

"ரிப்போர்ட்ல எழுதணும். உங்க பேரு என்ன சிஸ்டர்? காதோட சொல்லுங்க போதும்... போர்டுல எழுதிப் போட்டோ புடிச்சிடாதீங்க!"