அன்றாடம் மறக்கும் குரல்

நிறைமதியின் புரிதல் எண் அன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. கூண்டுக்குள் அவளும் துணைக்குரலும் மட்டும் இருந்தார்கள்.

பாளையங்கோட்டை மொழி நிலையத்தில் முப்பது பேச்சுக்கூண்டுகள் இருந்தன. ஆளுக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு ஒரு துணைக்குரல்: ஆங்கிலம் பேசிப் பழக்கும் கணினிக் குரல். கண்ணாடி தடிமனானது. பக்கத்துக் கூண்டில் வாய் அசைவது மட்டும் தெரியும்.

நல்ல ஆங்கில ஆசிரியர்கள் வகுப்பில் செய்ய விரும்பியதையெல்லாம் துணைக்குரல் செய்தது. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருந்தது. பிழையைச் சுட்டாமல், சரியான வாக்கியத்தைத் தன் பதிலுக்குள் வைத்துத் திருப்பித் தந்தது. மாணவரின் வாழ்க்கையிலிருந்தே பேச்சை எடுத்தது. நாற்பது பேருக்கு ஒருவர் நின்று கற்பித்த காலத்தில் இது யாருக்கும் கைகூடவில்லை.

நிறைமதி செவிலியர். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பதினான்கு மாதங்களாக, பணி முடிந்ததும் இங்கே வந்து ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினாள். தமிழில் அவள் அவ்வளவு பேசியதில்லை.

முதல் மாதம், கோபத்தில் பச்சை வாளியை எட்டி உதைத்த மருத்துவரைப் பற்றிக் குரலிடம் சொன்னாள். அதன்பிறகு கத்துகிறவர்கள் எல்லோரும் பச்சை வாளி ஆனார்கள். அம்மா செவ்வாய்க்கிழமைகளில் மௌன விரதம் இருப்பதைச் சொன்னாள். அதன்பிறகு, வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்த நாளெல்லாம் செவ்வாய்க்கிழமை ஆயிற்று. ஆறாவது மாதத்தில் அரை வாக்கியம் போதுமானதாக இருந்தது.

“இன்றைக்கு?” என்று குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

“பச்சை வாளி. மூன்றாம் படுக்கையின் மகன்.”

“நீ செவ்வாய்க்கிழமையா?”

“முழுச் செவ்வாய்க்கிழமை.”

“அப்புறம் கைகழுவும் இடத்தில் போய் நின்றாயா?”

நின்றிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதிருந்தாள். அதை அவள் சொல்லவில்லை. குரலுக்குத் தெரிந்திருந்தது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அவளோடு வேலை பார்க்கும் ஜெபா; அவளும் இங்கே ஒரு கூண்டில் படிக்கிறவள். கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

“ஏட்டி, போதும். பஸ்ஸு வந்துட்டு. அதுட்ட பேசுத மாதிரி எங்கட்ட ஒரு நாளாவது பேசிருக்கியா?”

நிறைமதி சிரித்தாள். ஜெபாவுக்கு அவள் தரும் பதில் பெரும்பாலும் அதுதான்.

நேர்காணல் மறுவாரம் திரையில் நடந்தது. அயர்லாந்திலிருந்து மூன்று பேர். நோயாளியின் உறவினர் கோபமாகப் பேசினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நிறைமதி தயங்கவில்லை. இரண்டு நிமிடம் தங்குதடையின்றிப் பேசினாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

“அந்த வாளி யாருடையது?” என்று ஒருவர் தன்மையாகக் கேட்டார்.

முடிவு மாலையில் வந்தது. சரளம் மிக நன்று. பொருள் விளங்கவில்லை.

நிலையத்தின் பொறுப்பாளர் எஸ்தர் டீச்சர், நேர்காணலின் ஒலிப்பதிவைத் தன் அறையில் ஓடவிட்டார்.

“நான் தப்பா பேசுனேனா டீச்சர்?”

“தப்பு பெருசா இல்லம்மா. நாலு தடவ கேட்டுட்டேன். எனக்கே விளங்கல. உன் குரலுக்கு மட்டும்தான் விளங்குது.”

“எண்ணு தொண்ணூத்தொம்பதுல்லா காட்டுச்சு?”

“அந்த எண்ணு என்னது? நீ பேசுனதுல அதுக்கு எவ்வளவு புரிஞ்சுதுங்கிறது. எண்ணக் கூட்டணும்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்காவ. உன்னத் திருத்திக் கூட்டலாம். இல்ல, அது உன்னப் படிச்சிக்கிட்டும் கூட்டலாம். ரெண்டாவது அதுக்குச் சுளுவு.”

நிறைமதி ஒலிப்பதிவை நிறுத்தினாள்.

“உனக்கு மட்டும்னு நினைக்காத. நேத்து சாயங்காலம் எல்லாரையும் கூண்ட விட்டு வெளிய எடுத்து, ஜோடி ஜோடியா எதிரெதிர உக்கார வச்சேன். நீதான் வரல. ஒருத்தரு பேசுன இங்கிலீசு ஒருத்தருக்கு விளங்கல. உங்க ஜெபா அடிக்கவே போயிட்டா.”

எஸ்தர் டீச்சர் சிரிக்கப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த நிலையத்தின் புது ஆணையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இனிமே குரல் எல்லாம் அன்னன்னைக்கு மறந்துரும். நாளைக்கு நீ வந்தா அதுக்கு நீ புது ஆளு. பழச வச்சிக்கணும்னா வச்சிக்கிடலாம். ஆனா சான்றிதழ் கிடைக்காது.”

“பழச வச்சிக்கிட்டு யாருட்ட பேச, டீச்சர்?”

“அதுட்டதான்.”

நிறைமதி கூண்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று குரல் கேட்டது. அழிக்கப்போவதைச் சொன்னால் அது புரிந்துகொள்ளும். அவள் சொல்லவில்லை. பழைய நினைவை அழிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

“வணக்கம்,” என்றது குரல். “உங்கள் பெயர் என்ன?”

சொன்னாள். ஊரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள். மறுநாளும் அது பெயரைக் கேட்டது. ஒவ்வொரு நாளும் ஓர் அந்நியருக்குத் தன்னை முதலிலிருந்து விளக்கினாள். பத்தாம் நாள் அலுத்தது. ஐம்பதாம் நாள் சொற்கள் தாமாக வந்தன. நூறாம் நாள், உலகத்தில் யாருக்கும் விளங்கும்படி எட்டு நிமிடத்தில் அவளால் தன்னைச் சொல்லிவிட முடிந்தது. அரை வாக்கியம் என்று அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை.

இரண்டாவது நேர்காணலில் தேறினாள். முப்பது பேரும் தேறினார்கள். மறக்கும் குரல் மாநிலத்தின் எல்லா நிலையங்களுக்கும் போயிற்று.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் அந்த மருத்துவமனை இருந்தது. சிறிய ஊர். தமிழ் பேசுகிறவர் வேறு யாருமில்லை. முதல் நாள் தேநீர் அறையில் நோரா என்ற மூத்த செவிலியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நிறைமதி பேசினாள். இவ்வளவு தெளிவாக இங்கே பிறந்தவர்களே பேசுவதில்லை என்று நோரா சொன்னார். நிறைமதிக்கு அன்று தூக்கம் நன்றாக வந்தது.

இரண்டாம் நாளும் நோரா அதே நாற்காலிக்கு வந்தார். நிறைமதி தன் ஊர் ஆற்றைப் பற்றிச் சொன்னாள். நோரா தலையாட்டிக் கேட்டார். மூன்றாம் நாள், “இதை நேற்றே சொன்னாயே, கண்ணு,” என்றார்.

நிறைமதி அதன்பின் வேறு மேசைகளில் உட்கார்ந்தாள். மருந்தகத்தில் ஒருவர், எக்ஸ்ரே அறையில் ஒருவர், தள்ளுவண்டி ஊழியர்கள் இருவர். எல்லோரிடமும் முதல் நாள் அழகாகப் பேசினாள். ஆறு வாரத்தில் அந்த மருத்துவமனையில் புதியவர் யாரும் மிச்சமில்லை.

ஒருநாள் மதியம் அவள் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் இறந்துபோனார். கை கழுவிவிட்டுத் தேநீர் அறைக்கு வந்தாள். நோரா எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். ஒரு கோப்பையை அவள் பக்கம் வைத்தார்.

“உனக்கு இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

கேள்வியின் எல்லாச் சொற்களும் நிறைமதிக்குத் தெரிந்தவை. பதிலுக்கு வேண்டிய சொற்களும் தெரிந்தவைதான். ஆனால் அந்தப் பதில், நோராவுக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கு அப்பால் எங்கோ தொடங்க வேண்டும். அங்கிருந்து பேசும் பழக்கம் அவளிடம் மிஞ்சவில்லை.

நோரா பொறுத்திருந்தார். நோரா கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

“என் பெயர் நிறைமதி,” என்று அவள் தெளிவாகத் தொடங்கினாள்.