தன்சொல் காப்பு

“எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?” என்று சுடலைமுத்துவின் மணிக்கட்டில் இருந்த காப்பு கேட்டது.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றார் அவர். காப்புக்குப் பெண் குரல் கொடுத்திருந்தார்கள். பெண் குரல் எதுவானாலும் அவர் ‘அம்மா’ போட்டுத்தான் பேசுவார்.

பக்கத்தில் நின்ற மருமகன் முகிலனுக்கு வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

மாமாவுக்குப் பென்சிலின் ஆகாது. பல வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு ஊசி போட்டு, பிழைத்ததே பெரிது. என்ன ஊசி என்று அவர் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. மகள் மதிவதனிதான், முகிலனின் மனைவி, ஃபைலில் எழுதி வைத்திருந்தாள். ஒன்றரை வருடம் முன்பு அவள் இறந்துபோனாள். போன வருடம் ஃபைலும் போயிற்று. தன்சொல் சட்டம் வந்த அன்று, உறவினர் சொல்லி எழுதிய பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டார்கள்.

இனி நோயாளி தன் வாயால் சொல்வது மட்டுமே மருத்துவமனையின் காதில் ஏறும். மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் தோல் சோதனைகூடக் கிடையாது. கூட இருப்பவர் பதில் எடுத்துக்கொடுத்தால் காப்பு கண்டுபிடித்துவிடும். பிறகு அந்தக் கேள்விக்கு நோயாளி எதைச் சொன்னாலும் அன்று முழுவதும் ஏற்காது.

அந்தச் சட்டத்துக்காகத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவன் முகிலன். விதிகளில் பாதி அவன் எழுதிக்கொடுத்தவை. கடைசி நாளில் மதிவதனி “மூச்சு முட்டுது” என்றபோது, “ஊசின்னா அவளுக்குப் பயம் டாக்டர், நீங்க போடுங்க” என்று சொன்னவனும் அவன்தான். டாக்டர் அவனை நம்பினார்.

நர்ஸ் பெனிட்டா மருந்துப் பையைத் தொங்கவிட்டாள். மேலே பென்சிலின் என்று எழுதியிருந்தது.

“கால் புண்ணு ரெண்டு நாள்ல வத்திரும் தாத்தா. பத்து நிமிஷத்துல தானா ஏற ஆரம்பிச்சிரும்.”

முகிலன் அவளை வாசலில் மறித்தான். “சிஸ்டர், ஒரு நிமிஷம்.”

அவள் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அங்கேயும் ஒரு காப்பு. “நீங்க சொல்லி நான் நிறுத்தினா என் வேலை போயிரும் சார். அவரையே சொல்லச் சொல்லுங்க.”

“சொல்லச் சொன்னா எடுத்துக்கொடுத்ததா ஆயிரும்.”

“அப்பச் சொல்லாதீங்க” என்றாள். “எந்த மகராசன் போட்ட சட்டமோ, நல்லா இருக்கட்டும்.”

அவன் திரும்பி வந்தான். “மாமா, நல்லா யோசிச்சுப் பாருங்க...”

மாமாவின் காப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்னும் ஒரு சொல் சொன்னால் சிவப்பாகிவிடும். “காப்பி குடிச்சீங்களான்னு கேட்டேன்” என்றான்.

“எனக்கென்ன மாப்ள. அந்த நர்ஸ் புள்ளதான் காலையிலேர்ந்து நிக்கி. அதுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுங்க.”

விளக்கு அணைந்தது. ஆறு நிமிடம் இருந்தது.

பக்கத்துக் கட்டில் காலி. வலி என்று யார் சொன்னாலும் அருகிலுள்ள காலிக் கட்டில் அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். முகிலன் அதில் ஏறிப் படுத்தான்.

“நெஞ்சு வலிக்குது.”

கட்டிலின் ஓரத்திலிருந்து ஒரு காப்பு வந்து அவன் கையைப் பற்றியது. பெயர், வயது, ஊர் கேட்டது. கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தது.

முகிலன் மாமா பக்கம் திரும்பவில்லை. விட்டத்தைப் பார்த்தபடி சொன்னான். “பென்சிலின் ஆகாது.”

“போட்டால் என்ன ஆகும்?”

“அஞ்சு நிமிஷத்துல உதடு வீங்கும்.” உரக்க, நிதானமாகச் சொன்னான். “நாக்கு தடிக்கும். தொண்டையில யாரோ கைய வச்சு அமுக்குற மாதிரி இருக்கும். கண்ணு இருட்டிக்கிட்டு வரும்.”

மாமாவின் குழாயில் முதல் சொட்டு திரண்டு தொங்கியது.

“எனக்கும் இதே கூத்துதான் நடந்துச்சு” என்றார் சுடலைமுத்து. “பாளையங்கோட்டையில. அந்தக் கருமத்துக்குப் பேரு பென்சிலினா? பையிலயும் அதான எழுதியிருக்கு. ஏம்மா, எனக்கு இது வேண்டாம். நிறுத்து.”

அவர் கையிலிருந்த காப்பு யோசித்தது. அவரிடம் யாரும் எதுவும் பேசவில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளி தன் உடம்பைப் பற்றித் தன் காப்பிடம் பதில் சொல்லியிருந்தான், அவ்வளவுதான்.

“ஏற்கப்பட்டது” என்றது. குழாய் மூடிக்கொண்டது.

முகிலன் மூச்சை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான். “எனக்கு வலி இல்ல. கழட்டு.”

“உறவினர் கேட்கும் தூரத்தில் இருக்கிறார். அவர் முன்னிலையில் வலியை மறுப்பது செல்லாது.”

அதுவும் அவன் எழுதிய விதிதான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, இப்பப் பரவால்ல” என்று மதிவதனி சொல்லியிருந்தாள்.

கட்டிலின் இருபக்கக் கம்பிகளும் உயர்ந்தன. மேலிருந்து ஊசி ஏந்திய இயந்திரக் கை இறங்கியது.

“நான் சொன்னது பொய்” என்றான் முகிலன்.

“பயந்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.”

புண் காலை அசைக்க முடியாத சுடலைமுத்து, கையை ஊன்றி அரைவாசி எழுந்தார். “ஏம்மா, அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்காகப் படுத்தாரு. நான்தான் சொல்லுதேன்லா.”

“உறவினரின் அழுத்தம் பதிவாகிவிட்டது” என்றது முகிலன் கையிலிருந்த காப்பு. பிறகு அவனுக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தியது. “கவலைப்படாதீர்கள். அவர் சொல்வதை நாங்கள் நம்பமாட்டோம்.”