பெல்ட்டின் மேல் ஒரு கை

இரண்டாவது புத்தகத்தில் அந்தக் கைக்கு நான்கு விரல்கள்தான் இருந்தன.

கபிரியேல் மறுபடி எண்ணினான். இரணியல் ரோட்டு எஞ்சின் கம்பெனியில், எஞ்சினோடு கொடுக்கிற வழிமுறைப் புத்தகம் அச்சுப் போடுவது அவன் வேலை. மூன்று, ஐந்து, எட்டு, பத்து குதிரைச்சக்தி என்று நாலு எஞ்சினுக்கு நாலு புத்தகம். ஆனால் 'நிறுத்தும் முறை' மட்டும் நாலுக்கும் பொது. மெழுகுத்தாளில் கீறிய ஒரே ஸ்டென்சில், அதைத் திருத்தினால் நாலும் திருந்தும் என்று முதலாளியிடம் அவனே பீற்றிக்கொண்ட ஏற்பாடு. பக்கத்தின் நடுவில் பெல்ட்டின் மேல் ஒரு வலது கை. பின்பக்க ஷெட்டில் எஞ்சின் ஓட்டிப் பார்க்கிற தம்பி சிலுவைதாசனை உட்கார வைத்து வரைந்தது. அம்மை நோய் வீட்டையே வாரிக்கொண்டு போனபிறகு கபிரியேலுக்கு மிஞ்சியவன் அவன் ஒருத்தன்தான்.

ஆனி மழை ஓட்டில் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் ஈரத்தில் ஊறி மூக்கில் அப்ப, ஷெட்டிலிருந்து எஞ்சின் சத்தம் தரை வழியாக வந்து அவன் உள்ளங்காலில் அதிர்ந்தது. ஸ்டென்சிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஐந்து விரல். மை பிடிக்கவில்லை போல என்று எட்டுக்கான தாளை அச்சு உருளையில் ஓட்டினான்.

இரண்டு விரல். மற்ற மூன்றின் இடத்தில் கோடு வழவழவென்று மூடியிருந்தது. அந்தக் கோட்டை அவன் போடவில்லை.

"ஏலே சிலுவ, கை நல்லாத்தான இருக்கு?" என்று ஷெட்டைப் பார்த்துக் கத்தினான்.

"கைக்கென்ன? லேசா மரத்துப் போயிருக்கு. மழைக் குளுருண்ணே."

முதலாளி வைகுண்டராஜன் எட்டிப் பார்த்தார். "லாறி நிக்கு கபிரியேலு. பத்துக்க புக்கையும் போட்டு முடி."

"படம் தப்பா விழுது மொதலாளி."

அவர் ஸ்டென்சிலைத் தூக்கிப் பார்த்தார். "அஞ்சும் இருக்குல்லா? பொறவென்ன?"

அதுதான் நியாயம். மூலத்தில் இருப்பதுதானே தாளில் விழும்? முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் கை அதுபாட்டுக்கு உருளையின் கைப்பிடியைச் சுற்றியது.

தாள் வந்தது. பெல்ட் இருந்தது. கை இல்லை. மணிக்கட்டோடு கோடு மூடியிருந்தது.

எஞ்சின் நின்றது.

அவன் தாள்களைச் சேர்த்துத் தைத்தான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

சிலுவைதாசன் வாசலில் நின்றான். நனைந்த முடி. சிரித்த முகம். ரத்தம் ஒரு பொட்டு இல்லை.

"பத்துக்க புக்கத் தாண்ணே," என்று வலது கையை நீட்டினான். சட்டைக் கைக்கு வெளியே மணிக்கட்டு. அதற்கப்பால் ஒன்றுமில்லை. தோல் வழவழவென்று மூடியிருந்தது.

கபிரியேல் கொடுத்தான். புத்தகம் தரையில் விழுந்தது.

"ஏண்ணே கீழ போடுத?"

தம்பி குனிந்தான். எடுக்கப் போனான். மணிக்கட்டு தாளில் உரசியது. மறுபடி எடுக்கப் போனான். மறுபடி.